இருபத்தேழு டிகிரி

கோட்டிங்கனில் ஜனவரி.
சைக்கிள் பூட்டுக்குள் பனி இறுகி
சாவி நுழையவில்லை. வாயால் ஊதித் திறந்தேன்.
மூன்றாம் மாடியில் ஓர் அலமாரி மட்டும்
எப்போதும் இருபத்தேழு டிகிரி.
உள்ளே குடுவைகள் சுழன்றாடுகின்றன,
யாரோ ஓயாமல் கேட்கும் கேள்விக்கு
ஆமாம் ஆமாம் என்பதுபோல்.

படைப்புழுவின் செல்கள் இவை.
நான் பிறக்கும் முன்பே செத்த ஒரு கூட்டுப்புழு.
அந்தாகிப் பறந்ததில்லை, ஒரு முட்டையும் இட்டதில்லை.
சூலகத்தை மட்டும் கிள்ளியெடுத்து வளர்த்தார்கள்.
வளர்ந்துகொண்டே இருக்கிறது.
மூன்று நாளைக்கொருமுறை பாதியைக் கொட்டிப்
புதுச் சாறு ஊற்றாவிட்டால் கோபித்துக்கொள்ளும்.
ஞாயிறென்று பார்க்காது.

வெள்ளி மாலை வைரஸ் ஊற்றினேன்.
புழுக்களுக்கு மட்டும் நோய் தரும் வைரஸ்.
அதன் வயிற்றில் டெங்குவின் ஒரே துண்டைத்
தைத்து அனுப்பியிருந்தோம்:
மேலுறைப் புரதம், வால் நறுக்கியது.
சட்டை மட்டும்; உள்ளே ஆள் இல்லை.
அது செல்லைவிட்டு வெளியேற ஒரு முகவரிச் சீட்டு வேண்டும்.
தேனீயின் விஷத்திலிருந்து இரவல் வாங்கி ஒட்டினோம்.
வாசல் தாண்டுமுன் கிழிந்துவிடும் சீட்டு.

திங்கள் காலை, இன்னும் விடியவில்லை.
கண்ணாடிக் கட்டங்களுக்குள்
வீங்கிக் கிடந்தன செல்கள். பிரிவதை நிறுத்தியிருந்தன.
நீலம் குடித்தவை செத்தவை. நூற்றுக்குப் பதினெட்டு.
"இன்னும் ஒரு நாள் விடலாமே" என்றாள் அன்னெக்ரெட்.
வேண்டாம் என்றேன்.
சாகிற செல் தன் கத்திகளையும் வெளியே கொட்டும்.
செய்ததையே நறுக்கிவிடும்.

அப்போதுதான் பச்சமுத்து படம் அனுப்பினான்.
பெரம்பலூர் பக்கம், இறவை மக்காச்சோளம்,
குருத்தெல்லாம் சல்லடை.
உள்ளங்கையில் ஒரு புழு:
நெற்றியில் தலைகீழ் ஒய், வாலருகே சதுரமாய் நான்கு புள்ளி.
"ரெண்டு தடவ அடிச்சாச்சு. சாவ மாட்டேங்குது.
நீதான் புழு படிச்சவளாச்சே, எதுக்கு இது சாவும்?"
கையில் குடுவை இருந்தது.
இதை உயிரோடு வைக்கத்தான் எனக்குச் சம்பளம் என்று
எப்படி எழுதுவது?
இனக்கவர்ச்சிப் பொறி வை, என்று எழுதினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

புரதத்தின் நுனியில் ஆறு கொக்கிகள்.
அவை நிக்கலைப் பற்றிக்கொள்ள
மற்றதெல்லாம் வடிந்தது.
மூன்று லிட்டர் கலங்கல். கடைசியில் மிஞ்சியது
நான்கு மில்லிகிராம், ஜெல்லில் ஒரு நீலக் கோடு.

சோதிக்க, டெங்கு வந்தவர் ரத்தம் வேண்டும்.
இந்த ஊரில் யாருக்கு வந்திருக்கிறது?
அன்னெக்ரெட் பார்க்காததுபோல் என்னைப் பார்த்தாள்.
பத்தொன்பது வயது, திருச்சி ஆஸ்பத்திரி,
தட்டணு இருபத்தெட்டாயிரம்.
படிவத்தில் கையெழுத்துப் போட்டுச்
சட்டைக் கையை மடக்கினேன்.

குழிகளில் நீலம் ஊறி,
அமிலம் பட்டதும் மஞ்சள்.
என் ரத்தம் கண்டுகொண்டது.
புழுச் செல் தைத்துக் கொடுத்த வெறும் சட்டையென்று
அதற்கு யார் சொல்வது?
அடேய் நீயா, என்று பாய்ந்திருக்கிறது
பன்னிரண்டு வருஷம் கழித்தும்.

எனக்கு வந்தது இரண்டாம் வகை.
மற்ற மூன்றையும் போன மாதமே செய்து
உறைய வைத்திருந்தோம். அந்தக் குழிகளும் மஞ்சள்தான்,
கொஞ்சம் வெளிறி.
புரதம் சரியாக மடிந்திருக்கிறதென்று
அன்னெக்ரெட் மேசையைத் தட்டினாள்.
நான் அந்த வெளிறிய மூன்றையே பார்த்திருந்தேன்.
அரைகுறையாய் முகம் தெரிந்தவனைத்தான்
வாப்பா என்று கைபிடித்து
உள்ளே கூட்டிப்போகும் ரத்தம்.
இரண்டாம் காய்ச்சல் பல பேரைக் கொல்வது அப்படி.
ஐப்பசியில் தங்கைக்குக் கல்யாணம்.
மழைக்காலம். டிக்கெட் போட்டாயிற்று.

பாதியைக் கொட்டி, பாதி ஊற்றிக்
கதவைச் சாத்தினேன்.
பையில் போன் அதிர்ந்தது.
"பொறியில பதினாலு அந்து."
அலமாரிக்குள் எட்டிப் பார்த்தேன்.
ஆமாம் ஆமாம் என்று
சுழன்றுகொண்டிருந்தன.
அவற்றிடம் ஒன்றும் சொல்லவில்லை.