கொசுறு

ஈசாஃபியோர்துர் துறைமுகத்தில் நான் மீன் நிறுப்பவள்.
மொத்த எடையில் தொட்டியைக் கழிப்பேன்,
பனிக்கட்டிக்கு நூற்றுக்கு மூன்று கழிப்பேன்,
மிஞ்சியதை மட்டும்
மீன் என்று எழுதுவேன்.
பதினெட்டு வருடம்.
ஸ்வன்ஹில்துரிடம் ஒரு கிராம் ஐஸைக்கூட
மீனாக்க முடியாது என்பார்கள் படகுக்காரர்கள்,
பாதி மரியாதை, பாதி வசவு.

ஒரு பிப்ரவரி மாலை
ரசீதுகளைப் பிடிஎஃப் ஆக்க ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது.
இலவசம் என்றது.
வெளியே ஒரு படகு விளக்கடித்து அவசரப்படுத்தியது.
ஈரக் கையுறையின் ஒரு விரலை மட்டும் உருவி
அடுத்து என்று அழுத்தினேன்
அடுத்து
அடுத்து
முடிந்தது.

காலையில் திரையின் கூரை இறங்கியிருந்தது.
தள்ளுபடி கூவும் கிளி ஒரு பட்டையில்,
அதன் கீழே நான் கேட்காத தேடுபெட்டி,
அதன் கீழே கண்ணடிக்கும் மஞ்சள் முகங்கள்,
அதற்கும் கீழே ஏதோ ஓஹையோவின் வானிலை:
அங்கே வெயிலாம்.
கொசுறாக வந்தவை
கூடையில் உட்கார்ந்துகொண்டு
காயை வெளியே தள்ளியிருந்தன.

எங்கள் கடல்
கீழே ஒரு கருவாட்டு அகலத்தில் மிச்சம்.

வயர்லெஸ்ஸில் ஹாவர்துர் கேட்டார்:
ஹோர்ன்பியார்க்கில் காற்று எப்படி?
இருங்கள் என்றேன்.
உருட்டினேன். கிளி கூவியது.
உருட்டினேன்.
இருங்கள் என்றேன் மறுபடியும்,
வாழ்க்கையில் முதல்முறையாக
ஒரு எண்ணைச் சொல்லத் தெரியாமல்.

அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.
நீக்கு என்றால்
கிளி அழுதது, நிஜமாகவே, நீலச் சொட்டு சொட்டாக.
வைத்துக்கொள் என்ற பொத்தான் பச்சை, பெரிசு.
நீக்கு என்பது
சாம்பல்மேல் சாம்பலாக எழுதியிருந்தது.
ஒவ்வொன்றாக அனுப்பினேன்.
நான்கும் போயின.
உலாவியைத் திறந்தால் முதல் பக்கத்தில்
அதே கிளி.

மீன் ஆலையிலிருந்து போஜெனா காபிக்கு வந்தாள்.
விளக்கு மேசையில் புழு எடுப்பவள்;
கீழிருந்து வெளிச்சம் அடித்தால்
காட் மீனின் வெள்ளைச் சதைக்குள்
சுருண்டு கிடப்பது நிழலாகத் தெரியும்.
மேலே தேடாதே என்றாள்,
நீ தினமும் தொடும் இடத்தில் பார்.
உலாவியின் குறுவழியில் வலது சொடுக்கு, பண்புகள்.
முகவரியின் வால் முனையில்
ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொரு முகவரி.
இடுக்கி இல்லாமல் எடுத்தாள்.
காபி ஆறிவிட்டது என்று என்னைத்தான் திட்டினாள்.

பிறகு அந்த நிறுவியை மறுபடி திறந்தேன்,
இம்முறை கையுறை இரண்டையும் கழற்றிவிட்டு.
இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில்,
சம்மதம் என்று ஒரு கட்டம்.
அதில் ஏற்கெனவே சரிக்குறி.
என் கையெழுத்தை யாரோ எனக்கு முன்பே போட்டு
மை உலரவும் வைத்திருந்தார்கள்.
மௌனம் சம்மதம் என்பார்கள்.
நான் மௌனமாகக்கூட இல்லை,
ஜன்னல் வழியே படகுக்குக் கத்திக்கொண்டிருந்தேன்
நானூற்று பன்னிரண்டு கிலோ, நானூற்று பன்னிரண்டு என்று.

பரிந்துரைத்தது வேண்டாம்.
நானே தேர்வு செய்கிறேன் என்ற வரியைத் தொட்டேன்.
கிளிக்கு இருந்த குறியை எடுத்தேன்.
தேடுபெட்டிக்கு. முகங்களுக்கு. ஓஹையோவுக்கு.
இத்தனை வருடமாக நான் செய்யும் வேலைதான்,
தராசு மட்டும் வேறு.

மறுநாள் ஹாவர்துர்
ஒரு பையில் ஓநாய்மீனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
சும்மா, இலவசம் என்றார்.
தராசில் ஏற்றினேன்.
என்ன பெண்ணே, இதைக்கூடவா?
கூட என்ன வருகிறது என்று கேட்டேன்.
தலையைச் சொறிந்தார்.
புறப்படணும், வடக்கே காற்று எப்படி இருக்கிறது என்றார்.

படம் முழுசாகத் திறந்திருந்தது
ஓரத்திலிருந்து ஓரம் வரை.
ஹோர்ன்பியார்க்கில் இருபத்து மூன்று மீட்டர்,
அம்புகள் எல்லாம் கரையைப் பார்த்து.

போகாதீர்கள் என்றேன்.
பையின் எடையைக் கழித்தேன்.