மற்றவை, குறிப்பிடுக

கம்பஸிலிருந்து வந்த அக்கா
வகுப்பு முடியும் நேரம் பார்த்து
ஆளுக்கொரு தாள் தந்தா.
உள்ளூரில் செய்த தேடுபொறியை
மாணவர்கள் ஏன் பாவிக்கிறார்கள்?
வேகம், துல்லியம், செலவு குறைவு, தாய்மொழிப் பற்று.
பொருந்துவதற்கு எதிரே சரி போடுக.

வேகம் என்று போட்டால் துழாவியே சிரிக்கும்.
மருதமுனை றிஸ்மிலாவும் காரைதீவு யதுர்ணனும்
பழைய கணினி இரண்டைத்
தையல் கடை மாடியில் பூட்டி வைத்து
ஓட்டுகிற பொறி அது.
கீழே ஓவர்லொக் மெஷின் இரைந்தால்
மேலே இது திணறும்.
மழை இருட்டினால் படுத்துவிடும்.
பென்சீன் வளையம் என்னவென்று ஒருதரம் கேட்டேன்;
வளையல் கடை மூன்று காட்டியது,
அதில் ஒன்று மூடிப் பல நாள்.
இரசாயனத்துக்கு நானும் பெரியதிடம்தான் போகிறேன்,
ஒளிப்பானேன்.

பற்று என்று போடவும் மனமில்லை.
பற்று வைத்து யாரும்
விடிய ஐந்தரைக்குத் தேடுவதில்லை.

கார்த்திகை மழை.
நாவிதன்வெளியிலிருந்து வகுப்புக்கு வர
எனக்குக் கிட்ட வழி கிட்டங்கி.
தண்ணீர் எவ்வளவு என்று பெரியதிடம் கேட்டேன்.
மதுரையில் வாடகைக்குக் கிட்டங்கிகள் உண்டென்றது,
தண்ணீர் வசதியுடன்,
சதுர அடிக் கணக்கில்.
பிழையென்று சொல்ல ஏலாது,
அதற்கு அதுதான் கிட்டங்கி.

துழாவியில் இருந்தது:
"முழங்காலுக்கு மேல. சைக்கிளத் தூக்கிப் பிடிக்கணும்.
இடப்பக்கம் கல்லு பேந்திரிக்கி.
வள்ளம் ஆறரைக்கு."
எழுதினவர் பேர் இல்லை.
மீன்பெட்டியோடு முதலில் கடந்த யாரோ
ஈரக் கையால் தட்டியிருக்க வேண்டும்,
சில எழுத்து இரண்டிரண்டாய் விழுந்திருந்தது.

போன முறை பெறுபேறு வந்த இரவை
இந்தத் தாளில் எழுதலாமா தெரியவில்லை.
இணைந்த கணிதம் எஃப்
வீட்டில் எப்படிச் சொல்வது
என்று தேடினேன்.
பெரியதிடம் பதினேழு இலட்சம் பதில் இருந்தது,
முதலாவது, சென்னையில் ஒரு டியூஷன் விளம்பரம்.
துழாவி வழக்கம்போலத் தெரியாது என்றது.
அடியில் சின்ன எழுத்தில் மட்டும்:
இன்றிரவு இதையே தேடியோர் ஆறு பேர்.

ஆறு பேர்.
சம்மாந்துறையோ பெரியகல்லாறோ
எங்கள் ஒழுங்கையிலேயே பின்வீடோ,
லைட் அணைக்காமல் கிடக்கும் ஆறு அறைகள்.
கொஞ்ச நேரத்தால் பார்த்தேன், ஏழு.
நான் இரண்டாம் தரம் தேடியதும்
சேர்ந்துபோச்சோ என்னவோ.
ஏழாவது ஆளுக்காகவும் முழித்திருந்தேன்.

தாளின் கடைசியில் ஒரு கோடு,
பேனை நீளம்கூட வராது.
இவ்வளவும் அதில் எங்கே கொள்ளும்?
நாளைக்கு எங்கள் பக்கப் பள்ளிக்கூடத்துக்கும்
அக்கா போகிறாவாம்,
சப்பாத்துப் போட்டிருந்தா.
நான் எழுதினேன்:

கிட்டங்கியில் இப்ப கரண்டைக்கால் தண்ணிதான்.
சப்பாத்தைக் கழற்றினால் போதும்.
இடப்பக்கம் போக வேண்டாம்.