வருமுன் போன லாரி

லியெபாயா துறைமுகத்தின் கோதுமை வாசலில்
எடைமேடையை ஒட்டி ஒரு கண்ணாடி அறை.
அறைக்குள் நான், ஹீட்டர், ஒரு கணினி.
கணினிக்குள் மூன்று பேர்.

பொத்தானை அழுத்தினால்
கறுப்புத் திரையில் பட்டியல் வரும்.
பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்கும்.
அதற்குள் சொல்லியாக வேண்டும்
இன்று யாரை எழுப்புவது என்று.
சொல்லாவிட்டால் பழையதே எழுந்துகொள்ளும்.
மூத்தது அல்லவா,
தூக்கம் குறைவு.

பழையதற்கு எடைமேடையோடு பேசத் தெரியும்.
ஒன்பது துளைக் கேபிளில் காது வைத்து
நாற்பது டன் லாரியின் மூச்சுவரை கேட்டுச் சொல்லும்.
இணையம் என்றால் அதற்கு
தொலைபேசி கதறும் சத்தம்.

புதியதற்கு எல்லாம் தெரியும்,
எடைமேடையைத் தவிர.
'அறிமுகமில்லாத சாதனம்' என்று
கேபிளை வாசலிலேயே நிறுத்தி வைக்கும்.
சுங்கத்துக்கு ரசீது போக
அதன் தயவு வேண்டும்.

மூன்றாவது வரி ஆர்விட்ஸுடையது.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன்.
கடவுச்சொல்லைச் சொல்லாமல்
அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போய்விட்டான்.
கை தவறி அந்த வரியில் நின்றுவிட்டால்
அவன் வைத்த படம் வரும்:
ஒரு நாய், பனி, பாதிக் கடல்.
கீழே காலிக் கட்டத்தில் ஒரு கோடு துடிக்கும்.
நாயை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன்.

ஜனவரியில் ஓர் இரவு
பனெவெஜிஸிலிருந்து ஜில்வினஸ் வந்தான்.
பாரத்தோடு 39,860 கிலோ. நேரம் 3:40.
அவன் கொட்டிவிட்டு வருவதற்குள்
முந்தைய லாரிகளின் ரசீதை அனுப்பிவிடலாமென்று
புதியதை எழுப்பினேன்.
ஒன்று அணைந்து இன்னொன்று விழிக்க ஒன்றரை நிமிடம்.
அந்த ஒன்றரை நிமிடம் துறைமுகத்தில்
எதற்கும் எடை இல்லை.

மறுபடி பழையதை எழுப்பி
காலி லாரியை மேடையில் ஏற்றினேன்.
14,320. நேரம் 2:15.

ஜில்வினஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'விஸ்மா, நான் வருவதற்கு முன்பே போய்விட்டேனா?'
'ஆமாம். இந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாய்.'
'அப்போது இங்கே குளிரில் நிற்பவனுக்கு
யார் சம்பளம் தருவது?'

பெரிய சண்டை ஒன்றுமில்லை.
பெட்டிக்குள் காசளவு பேட்டரி,
அதை நம்பி ஒரே ஒரு கடிகாரம்.
புதியது அதில் உலகத்தின் நேரத்தை எழுதி வைக்கும்.
பழையது அதை ஊரின் நேரம் என்று படிக்கும்.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
இரண்டு மணி நேரம்தான் எங்கேயோ விழுந்துவிட்டது.

அனுப்பிய ரசீதில் சரியான நேரம் இருக்குமே என்று
பழையதில் இருந்தபடியே
அடுத்த வட்டைத் திறக்கப் போனேன்.
'இந்த வட்டில் எதுவும் இல்லை.
வடிவமைத்துவிடவா?'
என்று பழையது கேட்டது.

மூன்று வருட ரசீதுகள், சுங்க முத்திரைகள்,
நான் எழுதி அனுப்பாத ராஜினாமாக் கடிதம்
எல்லாம் அந்தச் சுவருக்கு அப்பால்தான்.
புதியது இதன் அறைக்குள் நினைத்தபோது நுழைந்து
டிராயர் டிராயராகத் திறந்து பார்க்கும்.
இதன் கண்ணுக்கோ அங்கே வெறும் பொட்டல்.
குரோதம் இல்லை, குரலில் மரியாதைகூட இருந்தது.
'ஆம்' என்ற பொத்தானைச் சுற்றி
ஏற்கெனவே ஒரு புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்தது,
கை வைத்தால் போதும் என்று.

'இல்லை' என்றேன். வாய்விட்டே சொன்னேன்.
பேனா எடுத்து 2:15ஐ அடித்து
4:15 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
ஜில்வினஸ் வண்டியைக் கிளப்பினான்,
வந்த பிறகு போகிறவனாக.

அடுத்த லாரி வரவில்லை.
மூன்றாவது வரிக்கு இறங்கினேன்.
நாய் அப்படியே நின்றிருந்தது.
என்ன பெயர் வைத்திருப்பான்?
ரெக்ஸிஸ். தவறு.
டுக்ஸிஸ். தவறு.
அவன் அம்மா ஊர்ப் பெயர். தவறு.
நான்காவதை அடித்துக்கொண்டிருந்தபோது
வெளியே ஹார்ன் சத்தம்.
அணைத்தேன்.

பத்து.
ஒன்பது.