மர முட்டை

பள்ளத்தூருக்கு மேற்கே முந்திரிக்காட்டு ஓரம்
ஆறு ஏக்கர் செம்மண், சுற்றிலும் கம்பிவேலி.
விடிகாலை ஐந்தரைக்கு என் டூட்டி.
பப்பாளி நறுக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும்,
பஞ்சவர்ணக்கிளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பினாங்கிலிருந்து வந்த கிளி.
கோனாபட்டில் வீட்டைப் பூட்டியவர்கள்
அதை உள்ளே வைத்தே பூட்டிவிட்டார்கள்.
யாரைக் கண்டாலும் 'சுடா மாக்கான்?' என்கிறது.
மலாயில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறதாம்,
டாக்டர் பெனசீர் சொன்னார்.
ஆச்சு என்றால்தான் வாயை மூடும்.

மஞ்சுவிரட்டில் கண்ணில் மிளகாய்ப்பொடி வாங்கிய காளை
இடப்பக்கமாய் வருபவரை இன்னும் முட்டுகிறது.
நான் வலப்பக்கமாய்ப் போவேன்.
இக்குவானா என்று எழுதிப்போட்ட பச்சை உடும்புக்கு
சித்திரை வெயிலும் போதவில்லை.

அடைக்கலம் ஓட்டிவந்த வேனில்
போன ஆடியில் இறங்கியது ஈமு.
ஒரு கண்ணில் பூ விழுந்து, முதுகெல்லாம் இறகு கொட்டி.
கால்வளையத்தைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.
2217.
எழுதிவிட்டு அப்படியே நின்றேன்.

எட்டுப் பவுன் சங்கிலி
2215 முதல் 2220 வரை ஆறு பறவைகளானதற்கு
என்னிடம் ரசீது இருக்கிறது.
கம்பெனியே வளர்க்கும், மாதம் ஆறாயிரம் வரும்.
கலர் நோட்டீஸில்தான் பார்த்திருக்கிறேன்.
ஆபீஸுக்குப் பூட்டு விழுந்த மறுநாள்
கேட்டுட்டு வந்துர்றேன் என்று பஸ் ஏறிய சின்னழகு
ஈரோட்டிலிருந்து ஒருமுறை போன் பண்ணினார்.
சார்ஜ் தீரப்போகுது என்றார்.
தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம்.

கணக்குப் பார்த்தால் இதன் பங்கு
ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே.
கழுத்தை நீட்டி என் கையிலிருந்து
முட்டைக்கோஸ் பறித்துக்கொண்டது.

மார்கழியில் கொட்டடி மூலையில்
அடர்பச்சையாய் ஒரு முட்டை கிடந்தது.
இங்கே குஞ்சு பொரிக்கக் கூடாது, அது விதி.
சும்மா எடுத்தால் தேடித் தேடி அலையும் என்று
காரைக்குடி பட்டறையில் தேக்கில் ஒன்று கடைந்து
பச்சை பெயின்ட் அடித்து மாற்றிவைத்தார் டாக்டர்.

2217 வந்து உட்கார்ந்தது.
அப்போதுதான் தெரிந்தது, ஆண்.
ஈமுவில் அதுதான் அடைகாக்குமாம்.
எட்டு வாரம் தின்னாது,
எழுந்து நாலு எட்டு எங்கும் போகாது.

மரம்தான், எழுந்திரு என்று
கிட்டப்போய்ச் சொல்லிப் பார்த்தேன்.
டிரங்குப்பெட்டி அடியில் ரசீதை
இத்தனை வருஷம் சூடு ஆறாமல் வைத்திருப்பவள் சொல்லி
அது கேட்குமா.

இன்று நாற்பத்தோராவது நாள்.
முதுகில் விழுந்த சருகை எடுத்துப் போட்டேன்.
தண்ணீர்ச் சட்டியை
அலகு எட்டும் தூரத்துக்கு நகர்த்தினேன்.
பின்கூண்டிலிருந்து கிளி கேட்டது:
சுடா மாக்கான்?

என்னைப் பார்த்து அல்ல.
நாங்கள் இருவருமே பதில் சொல்லவில்லை.
கிளி விடுவதாயில்லை.