முன் அனுபவம்

கரடிப்போக்குச் சந்தி, என் ஏஜென்சி.
மின்விசிறி காலையிலேயே
வெக்கையைத்தான் சுற்றும்.

இன்றைக்கு விசுவமடுக் குகசீலன்.
டோஹாவில் காவலாளி வேலை.
நாற்பதுக்கு மேல் எடுக்கமாட்டாங்கள்,
கதைச்சுப் பாப்பம் என்றேன்.

முன் அனுபவம்?
படிவம் கேட்கிறது.
இருந்தால் மாதம் இருநூறு றியால் கூட.

அவன் மேசையில் கிடந்த குண்டூசியை
நிமிர்த்தி வைக்கப் பார்த்தான்.
நான் பேனையை உதறினேன்,
மை வந்துகொண்டிருந்தும்.
வெளியே பஸ்காரன்
யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம் என்று கத்தினான்.

"இல்லையெண்டு போடுங்கோ அண்ணை."

போட்டேன்.
வெள்ளிக்கிழமை மெடிக்கல்,
வெறுவயிற்றோடு வா.

ஏஜென்சி பதிய நான் கொடுத்த படிவத்தில்
அந்த ஐந்து வருடத்துக்கு நேரே
விவசாயம் என்று இருக்கிறது.
ஒரு நாள்கூட நான்
வரம்பில் வழுக்காமல் நடந்ததில்லை.

குண்டூசி இன்னும் மேசையில்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.