நூற்று எண்பத்திரண்டு

பாஸ்போர்ட்டில் முத்திரைகளை எண்ணுவது என் வேலை.
ஆபீசர்ஸ் லைனில், மாடியில்,
மே மாத வெயில் ஜூலையிலும் பாக்கி நிற்கும் அறையில்
தனகோட்டி வந்து உட்கார்ந்தார்.
படிவத்தில் பேரை எழுதும்போது சிரிப்பு வந்தது,
அடக்கிக்கொண்டேன்.

பேரணாம்பட்டுக்காரர். தோல் ஷெட்டில் பழகிய கை
இப்போது ஷார்ஜாவில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறது.
ஒரே அறையில் ஐந்து பேர், ஒரே லாட்டரி டிக்கெட்.
தலைக்கு இருபது லட்சம்.
இவர் பங்குக் காசைப் போட்டதே கொல்லத்து சாஜுதான்.
இவர் அப்போது இங்கே, ஆஸ்பத்திரி நாலாவது மாடியில்,
சுகுணாவின் டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
போனில் சாஜு கத்தினானாம்,
நர்ஸ் இவரைத் திட்டினாராம்.

சாஜு அந்த வருஷம் ஊரில் இருந்தது இருபத்தொரு நாள்.
அவனிடம் இந்தியா ஒரு பைசா கேட்காது.
நேபாளத்து பீம் பகதூருக்கு எப்படியோ,
அவன் நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது.
ஒரே எண், ஒரே குலுக்கல்.
நீ எந்த ஊரில் தூங்கினாய் என்று கேட்டுவிட்டுத்தான்
வரி கையை நீட்டுகிறது.

எண்ணினேன்.
மே ஒன்பது முதல் ஆகஸ்ட் பத்து வரை, தொண்ணூற்று நான்கு.
நவம்பர் இருபத்திரண்டு முதல் பிப்ரவரி பதினேழு வரை, எண்பத்தெட்டு.
மறுபடியும் எண்ணினேன், விரலை மடக்கி.
நூற்று எண்பத்திரண்டு.

நூற்று எண்பத்தொன்று என்றால் நீங்கள் அயலூர்க்காரர் சார்.
நூற்று எண்பத்திரண்டு என்றால் உள்ளூர்.
பத்து வருஷம் அங்கேயே இருந்திருந்தால்
வேறொரு கதவு இருக்கிறது, அது திறந்திருக்கும்.
நீங்கள் போனது முந்தின வருஷம்தானே.
சம்பளம் வரம்புக்குள் அடங்கிவிடும்.
பரிசு அடங்காது.
முப்பது சதவீதம், அதன் மேல் செஸ்.
ஆறு லட்சத்து இருபத்து நாலாயிரம்.
டிக்கெட் வாங்கிய காசைக்கூடக் கழிக்க முடியாது.

அவர் விசிறியைப் பார்த்தார்.
'பிப்ரவரி பதினாறுக்குத்தாம்மா மொதல்ல டிக்கெட் போட்டது.'

அப்புறம்?

'அன்னிக்குத்தான் தலைக்கு ஊத்திக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.
மூணு மாசமா ஊத்தாத தல.
முடி காயற வரைக்கும் இருந்துட்டுப் போன்னா.
நெறைய முடி. காயல.
மறுநாளைக்கு மாத்திக்கிட்டேன், மூவாயிரம் புடிச்சான்.'

மூவாயிரம் என்று எழுதப்போய் நிறுத்தினேன்.
அதையும் கழிக்க முடியாது.

ஒரு வழி சொன்னேன். சொல்லச் சொல்லித்தான்
ஆடிட்டர் சாப்பிடப் போயிருக்கிறார்.
வந்து இறங்கிய நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று
சில தீர்ப்புகள் உண்டு.
மே ஒன்பது, மீனம்பாக்கத்தில் முத்திரை விழுந்தது
ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு.
இருபது நிமிஷம், அது ஒரு நாளா?
வாதாடலாம். நோட்டீஸ் வரும்.
நாலு வருஷம் இழுக்கும், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.
கீழே காட்பாடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
'மே ஒம்பது போனாப் போவட்டும்' என்றார்.
'அன்னிக்கு நான் பெட்டிக்காக நின்னுக்கிட்டிருந்தேன்,
அவ ஐ.சி.யூ.வுல இருந்தா,
யாரும் யாரையும் பாக்கல.
அந்தப் பதினாற மட்டும் தொடாதீங்க.'

அதை யாரும் தொட முடியாது சார்,
நடுவில் கிடக்கும் நாளை எடுக்கச் சட்டம் இல்லை என்றேன்.
அவருக்கு அது நல்ல செய்தி போலிருந்தது.
மஞ்சள் பையிலிருந்து நாலு முள்ளுக் கத்திரிக்காய் எடுத்து
மேஜையில் வைத்தார், ஃபீஸ் தனி என்றார்.

181 என்று எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பென்சிலில்தான்.
பேனா ஆடிட்டரிடம்.