பதினான்காம் கேள்வி

கிளாக்ஸ்விக் துறைமுகத்தைப் பார்த்தபடி
வலைக்கிடங்கின் மாடியில் என் மேசை.
படகுக்காரர்கள் கைபேசியில் படிக்கும்
கடல் பாதுகாப்புப் பாடத்துக்குப்
பயிற்சி வினாக்கள் செய்கிறேன்.

சரியான விடை சுலபம்.
கையேட்டிலேயே இருக்கிறது.
என் சம்பளம் மற்ற மூன்றுக்குத்தான்.
பொய் என்று பல்லிளிக்கக் கூடாது,
உண்மையாகவும் இருந்துவிடக் கூடாது,
களைத்துப்போன ஒருவன் இரவு இரண்டு மணிக்கு
இதுதானே என்று விரலை வைக்க வேண்டும்.

நல்ல பிழைகள் பெட்ரோல் நிலையத்தின்
காப்பி மேசையில் கிடைக்கும்.
விறைத்தவனுக்கு ஒரு மடக்குச் சாராயம் போதும் என்பார்கள்.
காலணியில் நீர் ஏறினால் கல்லாய் இழுக்கும் என்பார்கள்.
சிரித்துக்கொண்டே கேட்டு வந்து
ஆ என்றும் இ என்றும் பெயர் வைப்பேன்.

பதினான்கில் மட்டும் சரக்குத் தீர்ந்துவிட்டது.
*உடன் இருந்தவர் கடலில் விழுந்துவிட்டார்.
முதலில் என்ன செய்வீர்கள்?*
அ. குரல் கொடுத்து, மிதவையை எறிந்து,
அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நிற்பேன்.
ஆ. கேப்டனைத் தேடி ஓடுவேன்.
இ. காலணியைக் கழற்றச் சொல்லிக் கத்துவேன்.
நாலாவது கட்டம் காலியாக இருந்தது.
ஈ. நானும் குதிப்பேன்.

"இதை யார் தொடுவார்கள்" என்றாள் மர்யுன்.
இடம் நிரப்ப வேண்டுமே என்று விட்டுவைத்தேன்.

பிப்ரவரியில் பதிவேட்டைத் திறந்தால்
எய்யுன் என்று ஒருவர். பதினோரு முயற்சி.
பத்தொன்பது கேள்வியும் ஒவ்வொரு முறையும் சரி.
பதினான்கில், ஒவ்வொரு முறையும், ஈ.
எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நொடி.

பொத்தான் கெட்டிருக்கும் என்றாள் மர்யுன்.
மூன்று கைபேசிகளில் அழுத்திப் பார்த்தேன்.
பொத்தானுக்கு ஒன்றுமில்லை.
யார் அவர் என்று எவரையும் கேட்கவில்லை.
இந்த ஊரில் காலையில் ஒன்றைக் கேட்டால்
சாயங்காலத்துக்குள் பதில் தானே கதவைத் தட்டும்.

அறுபது தப்பான விடைகளுக்கும்
ஒரே வரியை ஒட்டியிருந்தேன், சிவப்பில்:
*தவறு. மீண்டும் முயலுங்கள்.*
பதினோரு முறை அதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியம் அறுபதில் ஒன்றை மாற்றினேன்.
சிவப்பை எடுத்தேன். வேறென்ன நிறம் என்று
தெரியாததால் கறுப்பு.
*தெரியும்.
ஆனாலும் முதலில் மிதவை.*

ஆறு நாள் அவர் வரவில்லை.
ஏழாம் நாள் பன்னிரண்டாம் முயற்சி.
ஈ. இரண்டு நொடி.
அப்புறம் அந்தப் பக்கம்
நாற்பது நிமிடம் திறந்தே கிடந்திருக்கிறது.

பதின்மூன்றாவதில், அ.

இருபதும் சரியானால்
எக்காளம் முழங்கி
திரை முழுக்க வண்ணத்தாள் கொட்டும்படி
போன வருஷம் நானே செய்து வைத்திருந்தேன்.
அதை நிறுத்திவைக்க
எனக்குத் தோன்றவே இல்லை.